ஏட்டய்யா மேனுவலுக்கு மாற்றாத சிக்னல்

டிராஃபிக் இன்ஜினியர் என்று சொன்னால் எங்கள் ஊரில் இன்னும் பாதிப் பேர் போலீஸ் வேலை என்றுதான் நினைக்கிறார்கள். "பொண்ணு டிராஃபிக்ல இருக்கா" என்று அம்மாவே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை, அதில் ஒரு மரியாதை கிடைத்தது. உண்மையில் நான் செய்வது சிக்னல் டைமிங் போடுவது, ஜங்ஷன் வடிவத்தைச் சரிபார்ப்பது, சாலைப் பணி நடக்கும் இடத்தில் வண்டிகளை எப்படித் திருப்பிவிடுவது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது. சிவில் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?"

சாஃப்ட்வேருக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜங்ஷன் ஓரத்தில் நிற்கும் சிக்னல் கன்ட்ரோலர் பெட்டியில், போலீஸுக்கென்று தனியாக ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள். அதற்குள் ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் வசதி இருக்கும். சில இடங்களில் கையிலேயே ரிமோட் இருக்கும். நாம் வாரக்கணக்கில் எண்ணி, கணக்குப் போட்டு, ஒப்புதல் வாங்கிப் போட்ட டைமிங்கை, பணியில் இருக்கும் ஏட்டய்யா ஒரு விரலால் ஓரங்கட்டிவிடலாம். பல இடங்களில் பீக் அவரில் தினமும் அதுதான் நடக்கிறது. எனக்குக் கிடைத்த பயிற்சியை எல்லாம் சுருக்கினால், அவர் ஏன் மேனுவலுக்கு மாற்றுகிறார், மாற்றத் தேவையில்லாத டைமிங்கை எப்படிக் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும்.

கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியல் ஒரே ஒரு செமஸ்டர் பாடம். சாலையின் அடுக்குகள், தார், வளைவில் எவ்வளவு சாய்வு என்று போய், கடைசி யூனிட்டில் சிக்னல் வரும். இரண்டு மார்க் கேள்விக்குத் தயார் செய்துவிட்டு மறந்துவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஐ.ஆர்.சி. என்கிற இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டு நூல்களைக் கையில் எடுத்தேன். 1934-இல் தொடங்கிய அமைப்பு அது. சிக்னலுக்கு ஐ.ஆர்.சி. 93, சாலைக் குறியீடுகளுக்கு 35, அறிவிப்புப் பலகைகளுக்கு 67, நடப்பவர் வசதிகளுக்கு 103, சாலைப் பணி இடங்களுக்கு எஸ்.பி. 55. இந்த எண்களை இந்தத் துறையில் எல்லோரும் உறவினர் பெயர் மாதிரி சொல்வார்கள். 93 வெளிவந்தது 1985-இல். அதோடு, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நம் நாட்டுச் சாலைகளில் அளந்து 2017-இல் கொண்டுவந்த இண்டோ எச்.சி.எம். என்கிற சாலைக் கொள்ளளவு நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கக் காசில்லாதவர்களுக்கு, ஐ.ஆர்.சி. நூல்களில் பல இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படிக்கக் கிடைக்கும். பழைய பதிப்பா, புதியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை எண்ணுவது. யாருக்குமே முதல் வேலை அதுதான். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் சேர்ந்தேன். கையில் கிளிப் போர்டு, மேலே பளபளக்கும் ஜாக்கெட், காலை ஆறு மணிக்கே ஜங்ஷனில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து வரும் வண்டி நேரே போகிறதா, வலது திரும்புகிறதா, இடது திரும்புகிறதா, யூ-டர்ன் அடிக்கிறதா என்று பிரித்து, அதையும் பைக், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி, சைக்கிள் என்று பிரித்து, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட வேண்டும். நாலு கோடு, ஐந்தாவது குறுக்குக் கோடு. நாலு முனைச் சந்திப்புக்கு ஒருவர் போதாது, ஒரு பட்டாளமே வேண்டும். இப்போது பெரும்பாலும் கேமரா வைத்துப் பதிவு செய்து, ஆபீஸில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். கேமரா வைத்தாலும் சேர்ந்த புதிதில் சில நாளாவது நேரில் நின்று எண்ணிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். வீடியோவில் வண்டி தெரியும், அது ஏன் நின்றது என்பது தெரியாது. கேமரா கோணத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியோ, மூடியில்லாத குழியோ, ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் ஏற்றும் இடமோ இருக்கும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 12 மணி நேர சர்வே என்றால் முதல் நாளே போய் கழிப்பறை எங்கே என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் பங்க்கில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இல்லையென்றால் பக்கத்து ஜவுளிக்கடையில் முதலிலேயே சொல்லி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்காமல் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சென்னை வெயில் மதியத்துக்குள் படுக்க வைத்துவிடும். சர்வே பட்டியலில் இடைவேளைக்கு மாற்று ஆள் இருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை. நான் கேட்கத் தொடங்கிய பிறகு எங்கள் குழுவில் ஆண்களும் எனக்கு நன்றி சொன்னார்கள்!

எண்ணுவதில் சொல்லித் தராத ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்டாப் லைனில் நின்று எண்ணினால் கிடைப்பது, பச்சையில் கடந்து போன வண்டிகளின் எண்ணிக்கை. கடக்க வந்தவை எத்தனை என்பது அதில் இல்லை. நெரிசல் முற்றிய சாலையில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். தாளைப் பார்த்தால் "இந்தப் பக்கம் கூட்டம் கம்மி" என்று தோன்றும். நேரில் பார்த்தால் வரிசை அடுத்த தெருமுனை தாண்டி நிற்கும். பச்சை குறைவாகக் கொடுத்ததால் கொஞ்சம்தான் கடந்திருக்கிறது, கொஞ்சம் கடந்ததால் மறுபடியும் பச்சை குறைவாகக் கொடுக்கச் சொல்லிக் கணக்கு வரும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, ஒவ்வொரு 15 நிமிட முடிவிலும் வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று ஒருவர் குறிக்க வேண்டும். மீட்டர் டேப் வேண்டாம், "மெடிக்கல் ஷாப் வரை", "மூன்றாவது மின்கம்பம் வரை" என்று எழுதினால் போதும், அப்புறம் வரைபடத்தில் அளந்துகொள்ளலாம். கடந்து போனதோடு வரிசையில் கூடியதையும் சேர்த்தால்தான் உண்மையான தேவை கிடைக்கும்.

அடுத்தது பி.சி.யூ. எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவது. நகரச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. 106, 1990-இல் வந்தது. அதில் பைக் மொத்தத்தில் 5 சதவீதம் என்றால் 0.5, 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 0.75. பஸ், லாரிக்கு 2.2 முதல் 3.7 வரை. ஆனால் நம் ஊர்ச் சிக்னலில் பைக்குகள் கார்களுக்கு இடையில் நுழைந்து, ஸ்டாப் லைனையும் தாண்டி முன்னால் போய்க் குவிந்து நிற்கும். பச்சை விழுந்த சில நொடிகளில் மொத்தக் கூட்டமும் போய்விடும். அந்த இடத்தில் ஒரு பைக்கை முக்கால் கார் என்று எடுத்தால் கணக்கு ஊதிப் போகும். அதனால் எந்த நூலின் எந்த அட்டவணையை எடுத்தோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவது கட்டாயம். புதிதாக வருபவர்கள் எக்ஸெல்லில் முன்பு யாரோ போட்ட எண்ணை அப்படியே இழுத்துவிடுகிறார்கள். அந்த எண் நெடுஞ்சாலைக்கானதா, நகரச் சாலைக்கானதா, சிக்னலுக்கானதா என்று கேட்கும் பழக்கம் இருந்தாலே மேலதிகாரி உங்களைத் தனியாகக் கவனிக்கத் தொடங்குவார்.

சரி, எண்ணியாச்சு. இப்போது டைமிங். உலகம் முழுக்கச் சொல்லித் தரும் சூத்திரம் வெப்ஸ்டருடையது. பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடத்தில் 1958-இல் வெளியிட்டது. ஒரு சுற்றில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, ஒன்றிலிருந்து நெரிசல் விகிதங்களின் கூட்டுத்தொகையைக் கழித்து வருவதால் வகுத்தால், எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று முடியும் ஒரு சுற்றின் நீளம் நொடியில் கிடைக்கும். நெரிசல் விகிதம் என்றால், ஒரு பக்கம் வரும் வண்டிகளை, தொடர்ந்து பச்சை இருந்தால் அந்தப் பக்கம் அதிகபட்சம் எத்தனை கடக்க முடியுமோ அதனால் வகுப்பது. அந்த அதிகபட்சத்துக்கு ஐ.ஆர்.சி. கொடுக்கும் எளிய கணக்கு, ஐந்தரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள சாலைக்கு மீட்டருக்கு 525. அதாவது 7 மீட்டர் அகலத்துக்கு மணிக்கு 3,675 பி.சி.யூ.

ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள். நாலு ஃபேஸ், அதாவது நாலு பக்கத்துக்கும் தனித்தனி முறையாகப் பச்சை, ஒவ்வொன்றிலும் 4 நொடி வீண், மொத்தம் 16. விகிதங்கள் 0.22, 0.18, 0.20, 0.15; கூட்டினால் 0.75. மேலே 24-உம் 5-உம் சேர்ந்து 29, கீழே 0.25. ஒரு சுற்றுக்கு 116 நொடி. அதில் 16 போக மீதி 100 நொடிப் பச்சையை விகிதப்படி பிரித்தால் 29, 24, 27, 20. அழகாக வந்துவிட்டது. இப்போது அதே ஜங்ஷனில் கூட்டம் கொஞ்சம் கூடி 0.85 ஆனால்? 193 நொடி. 0.95 ஆனால் 580 நொடி, கிட்டத்தட்ட பத்து நிமிடம்! சூத்திரம் கைவிட்டுவிடும் இந்த இடத்தில்தான் நம் வேலை தொடங்குகிறது. கூட்டுத்தொகை ஒன்றை நெருங்கும்போது நொடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. ஃபேஸைக் குறைக்க முடியுமா, ஒரு வலது திருப்பத்தை அடுத்த யூ-டர்னுக்கு அனுப்ப முடியுமா, ஓரத்தில் நிற்கும் வண்டிகளை அகற்றி ஒரு மீட்டர் அகலம் மீட்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் மீட்டாலே மணிக்கு 525 பி.சி.யூ. கூடுகிறதே.

ஆனால் அந்த 525-ஐயும் கண்ணை மூடி நம்பக்கூடாது. ஜங்ஷன் தாண்டி 30 மீட்டரில் பஸ் ஸ்டாப் இருந்தால் அந்த எண் எங்கேயோ இறங்கிவிடும். நேரில் அளப்பது சுலபம்: பச்சை விழுந்ததிலிருந்து ஐந்து ஐந்து நொடியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வண்டி கோட்டைத் தாண்டியது என்று எழுதி, பல சுற்றுகளுக்கு வரைபடம் போட்டால் நடுவில் ஒரு சமதளம் தெரியும். அதுதான் அந்தச் சாலையின் உண்மையான அதிகபட்சம். நம்மூர் வரைபடத்தில் தொடக்கத்திலேயே ஒரு கூம்பும் நிற்கும், அது பைக்குகள். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் "தொடக்கத்தில் வீணாகும் நேரம்" என்று இருக்கும் இடத்தில் நமக்கு மிக வேகமான நேரம் வருகிறது. கவுன்ட் டவுன் டைமர் இருந்தால் இன்னும் அதிகம். 3 வரும்போதே பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

நடப்பவர்களைப் பற்றி எங்கள் ஆபீஸில் ஒரு மூத்த பொறியாளர் சொல்லிக் கொடுத்த கணக்கை நான் இன்றுவரை முதலில் போடுகிறேன், வண்டிக் கணக்குக்கும் முன்னால். 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க, நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில், 12 நொடி ஆகும். காலடி எடுத்து வைக்க 7 நொடி. மொத்தம் 19. அந்தப் பெரிய சாலையை நடப்பவர்கள் கடப்பது, பக்கத்துச் சின்னத் தெருவுக்குப் பச்சை விழும் நேரத்தில்தான். அந்தத் தெருவில் வண்டி குறைவு என்பதால் வெப்ஸ்டர் கணக்கு 12 நொடி போதும் என்று சொல்லும். 12 கொடுத்தால், கையில் பையோடு வரும் ஒரு பாட்டி நடுச்சாலையில் இருக்கும்போது பெரிய சாலைக்குப் பச்சை விழும். அதனால் 19-க்குக் கீழே இறக்கவே கூடாது. அதுவும் நொடிக்கு 1.2 மீட்டர் என்பது ஆரோக்கியமான ஆள் நடக்கும் வேகம். ஆஸ்பத்திரியோ கோயிலோ பக்கத்தில் இருந்தால் இன்னும் கூட்டுங்கள். இந்த ஒரு கணக்கைச் சரிபார்த்தாலே, வேகவேகமாகப் போடப்பட்ட பல டைமிங்குகள் தேறாது.

ஆம்பர் என்கிற மஞ்சளும் அப்படித்தான். மூன்று நொடி என்று எல்லோரும் போடுவது வழக்கத்தால் வந்ததல்ல. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நொடிக்கு சுமார் 14 மீட்டர் கடக்கிறார். மஞ்சளைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு நொடி, அதன்பின் சாதாரணமாக பிரேக் பிடித்தால் நிற்பதா போவதா என்ற குழப்பம் வராமல் இருக்க இன்னும் இரண்டே கால் நொடிக்கு மேல். சேர்த்தால் மூன்றைக் கொஞ்சம் தாண்டும். புறவழிச்சாலையில் 80-இல் வருபவருக்கு அதே மூன்று நொடி கொடுத்தால் விபத்தை நாமே வரவழைக்கிறோம். அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் ஆல் ரெட். ஜங்ஷன் பெரிதாக இருந்தால் அதற்கேற்ப நீள வேண்டும், ஏனென்றால் கடைசியாக நுழைந்த வண்டி வெளியே போக நேரம் வேண்டும். "பச்சைக்கு நேரம் பத்தல" என்று யாராவது அழுத்தினால் முதலில் கை வைப்பது இந்த நொடிகளில்தான். அங்கே மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

இனி அந்தப் பெட்டி. சிவில் படித்தவர்கள் அதைப் பார்த்தாலே ஒதுங்கிவிடுவார்கள், "அது எலக்ட்ரிகல் ஆளுங்க வேலை" என்று. எனக்கு அதைத் திறந்து காட்டியவர் ஐ.டி.ஐ. முடித்த ஒரு டெக்னீஷியன் அண்ணன். அவரோடு போன நாட்களில் கற்றது வேறு எங்கும் கிடைக்கவில்லை. எந்தப் பச்சையோடு எந்தப் பச்சை ஒன்றாக எரியக்கூடாது என்று உள்ளே ஓர் அட்டவணை இருக்கும். கேபிள் கோளாறால் அப்படி எரியப் போனால், கன்ட்ரோலர் தானாகவே மொத்தத்தையும் மஞ்சள் மினுக்கலுக்குத் தள்ளிவிடும். மழை முடிந்த காலையில் பல ஜங்ஷன்கள் மினுக்கிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடிகாரம் இன்னொரு விஷயம். அடுத்தடுத்த சிக்னல்களைச் சேர்த்து ஓட்ட வேண்டும் என்றால், 400 மீட்டர் இடைவெளிக்கு, 36 கிலோமீட்டர் வேகத்தில், 40 நொடி தள்ளிப் பச்சை விழ வேண்டும். சுற்றின் நீளமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பெட்டியின் கடிகாரம் தினம் சில நொடிகள் பிசகினால் ஒரு மாதத்தில் மொத்த ஏற்பாடும் வீண். டைமிங்கைக் குறை சொல்வதற்கு முன் அண்ணன் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான். ஒன்று மட்டும்: 230 வோல்ட் ஓடும் பெட்டி அது. பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் கதவைத் தொடாதீர்கள், ஈரக் கையோடு பக்கத்திலேயே போகாதீர்கள்.

இப்போது ஏட்டய்யா. புறநகரில் ஒரு ஜங்ஷன். தினமும் மாலை மேனுவல்தான் ஓடுகிறது, புது டைமிங் போட்டும் பயனில்லை என்று எங்களுக்குப் புகார் வந்தது. ஆபீஸில் இருந்தவர்கள் "அவங்களுக்குப் பழக்கம் ஆயிடுச்சு" என்று முடித்துக்கொண்டார்கள். என்னை அனுப்பினார்கள். நான் டீக்கடை நிழலில் நின்று அவர் எப்போது மாற்றுகிறார், எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் விடுகிறார் என்று எழுதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா, என்னையே பார்த்து எழுதிட்டிருக்க?"

விஷயத்தைச் சொன்னேன். "சார், எப்போ எல்லாம் மேனுவலுக்கு மாத்துறீங்க?"

"அந்தப் பக்கம் ரயில்வே கேட் இருக்குல்ல? கேட் திறந்தா மொத்தமும் ஒரே நேரத்துல வந்து விழும். அரை நிமிஷம் பச்சை விட்டா எந்த மூலைக்குப் பத்தும்? வரிசை திரும்பவும் கேட் வரைக்கும் போய் நின்னுடும். தண்டவாளத்து மேல வண்டி நிக்கலாமா? உன் மெஷினுக்குக் கேட் திறந்தது தெரியுமா?"

தெரியாது. எங்கள் வரைபடத்தில் அந்தக் கேட்டே இல்லை. ஜங்ஷனைச் சுற்றி வரைந்த எல்லைக் கோட்டுக்குச் சற்று வெளியே இருந்தது. 15 நிமிடக் கட்டங்களில் எண்ணியதால், கேட் திறந்ததும் வரும் அலையும் அதற்கு முந்தைய வெறுமையும் ஒன்றாகச் சேர்ந்து சராசரியாகிவிட்டன. அவர் செய்தது பழக்கதோஷம் இல்லை, பாதுகாப்பு. ஆனால் கேட் பிரச்சினை இல்லாத நேரத்திலும் மேனுவலிலேயே ஓடியதால், மற்ற மூன்று பக்கமும் நீளமாகக் காத்திருந்தன. பச்சையை மூன்று நாலு நிமிடம் இழுத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு: முதலில் அடர்த்தியாகக் கடக்கும் வண்டிகள் அப்புறம் விட்டு விட்டு வரும், நடப்பவர்கள் பொறுமை இழந்து நடுவில் இறங்குவார்கள்.

தீர்வு பெரியது எதுவும் இல்லை. கன்ட்ரோலரில் ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்களை வைக்கலாம். கேட் பக்கத்துக்கு நீண்ட பச்சை தரும் ஒரு திட்டத்தைத் தனியாகப் போட்டு, அதை அழைக்க அவருக்கு ஒரு பட்டன் கொடுத்தோம். அழுத்தினால் மேனுவலுக்குப் போகாமல், ஆம்பர், ஆல் ரெட், நடப்பவர் நேரம் எதுவும் குறையாமல், அந்தத் திட்டம் ஒரு சுற்று ஓடிவிட்டுத் திரும்பிவிடும். ஏட்டய்யா அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆம்புலன்ஸ் வந்தால் இன்னும் மேனுவல்தான், அது நியாயம். இப்போது புது ஜங்ஷன் எதற்குப் போனாலும் நான் முதல் நாள் சர்வே தாளை எடுப்பதில்லை. பணியில் இருப்பவர், எதிர்க் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவர் ஆகிய மூவரிடமும், "எப்போ ரொம்ப மோசமா இருக்கும்? எதனால?" என்று கேட்டுவிடுவேன்.

சிக்னல் வேலை மட்டும்தான் இந்தத் துறை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் புதியவர்களுக்கு வேலை கிடைக்கும் ஒரு பெரிய வாசல், கட்டுமான இடங்களின் போக்குவரத்து மேலாண்மை. மெட்ரோ இரண்டாம் கட்டம் 3 வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், தோண்டும் இடமெல்லாம் ஒரு திருப்பிவிடும் வரைபடம் வேண்டும். எஸ்.பி. 55 சொல்வது எளிது: முன்னெச்சரிக்கைப் பகுதி, மெதுவாகச் சாலை குறுகும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, மறுபடி விரியும் பகுதி. ஆபீஸில் வரைவது ஒரு நாள். களத்தில், காலையில் வைத்த கோன் மாலையில் இருக்காது, பேரிகேடை யாராவது தங்கள் கடை வாசலுக்கு நகர்த்தியிருப்பார்கள், பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கும். வரைபடம் சரியா என்று பார்க்க இரவில் போங்கள், பைக்கில் போங்கள். பகலில் கார் ஜன்னல் வழியாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்த இடத்தில், இரவு மழையில் ஒற்றை ஹெட்லைட்டோடு வருபவருக்கு எதுவும் தெரியாது.

இன்னொன்று. சிக்னல் வேண்டாம் என்று சொல்லவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்திவிட்டு, ரவுண்டானாவும் யூ-டர்னுமாக மாற்றியிருக்கிறார்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கு நிற்காமல் போவது பிடித்திருக்கிறது. என் பார்வையில் அதில் நடப்பவர்களுக்கான பதில் இன்னும் முழுதாக இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிகளுக்கு நடுவே கடப்பது சிரமம். இருந்தாலும் போய்ப் பார்க்க வேண்டிய பாடம் அது. இடத்துக்குத் தகுந்த விடை எது என்று யோசிக்கப் பழக்கும்.

சாஃப்ட்வேர். எக்ஸெல்லும் ஆட்டோகேடும் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. வண்டி ஓட்டத்தைத் திரையில் உருவகப்படுத்திப் பார்க்க, ஜெர்மனியில் உருவான விஸிம்தான் கன்சல்டன்சிகளில் அதிகம். மாணவர்களுக்குக் குறைந்த வசதியோடு ஒரு பதிப்பு உண்டு. காசே இல்லாமல் பழக, அதே நாட்டிலிருந்து வரும் சுமோ இருக்கிறது. அதில் ஒரே லேனுக்குள் பக்கவாட்டில் நகரும் வண்டிகளைக் காட்டும் வசதி உண்டு, நம் பைக்குகளுக்கு அது இல்லாமல் முடியாது. இடது பக்கம் ஓட்டும் நாடு என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம், திரையில் வரும் வரிசை நீளமும் நீங்கள் நேரில் குறித்த "மெடிக்கல் ஷாப் வரை"யும் ஒத்துப்போகும் வரை எந்த முடிவையும் யாரிடமும் காட்டாதீர்கள். தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் சிக்னல்களில் ஆஸ்திரேலியாவின் ஸ்கேட்ஸ், பிரிட்டனின் ஸ்கூட், மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய கோசிகோஸ்ட் ஆகிய மூன்று பெயர்களும் நேர்காணலில் வரும். அந்த மாதிரி சிக்னல்களில் கவுன்ட் டவுன் டைமர் ஏன் சிக்கல் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்: பச்சை எப்போது முடியும் என்று கருவிக்கே கடைசி நொடி வரை தெரியாதபோது டைமர் எதைக் காட்டும்?

மேற்படிப்பு வேண்டுமென்றால் கிண்டி பொறியியல் கல்லூரியிலும், ஐ.ஐ.டி. மெட்ராஸிலும், திருச்சி என்.ஐ.டி.யிலும் போக்குவரத்துப் பொறியியல் உண்டு. என்.பி.டி.இ.எல். என்கிற ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடங்கள் இலவசம். அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணிகள் தேர்வு வழியாக நெடுஞ்சாலைத் துறை. நேராக வேலைக்குப் போக டிப்ளமோ, பி.இ. போதும்.

நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ் கோப்போடு, உங்கள் ஊர் ஜங்ஷன் ஒன்றின் ஐந்தாறு பக்கக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்: கையால் வரைந்த படம், ஒரு மாலை நேர எண்ணிக்கை, வரிசை எங்கே நின்றது, நடப்பவருக்கு 19 நொடி மாதிரி ஒரு கணக்கு, அங்கே நிற்கும் காவலர் சொன்னது. இப்போது நானும் சில நேர்காணல்களில் உட்காருகிறேன். அந்தக் குறிப்பு உள்ளவரிடம் மற்ற கேள்விகள் குறைந்துவிடும். வேலை உறுதியானதும் வெட்கப்படாமல் கேளுங்கள்: களப்பணிக்குத் தனிப் படி உண்டா, இரவு வேலை முடிந்தால் வீட்டுக்கு வண்டி யார் தருவது, சர்வேக்கு மாற்று ஆள் இருப்பாரா, ஜாக்கெட்டும் ஷூவும் கம்பெனி செலவா, விபத்துக் காப்பீடு முதல் நாளிலிருந்தே உண்டா. வாயால் சரி என்று சொன்னாலும், மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.